ஒரு விறகு அடுப்பும் இரண்டு லட்சமும்

ஏற்காடு,
மார்கழி 20

அன்புள்ள மாப்ளே,

உனக்குக் கடிதம் எழுதி ஏழு மாதம் ஆகிவிட்டது. உன் மூட்டு வலி, பேத்தியின் பல் எல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சிக்கு மட்டும் என்மேல் கோபம். ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கத்த வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இறக்கத்தில் இருக்கிற விறகு அடுப்பு பேக்கரியை நான் குத்தகைக்கு எடுத்துவிட்டேன். ரிட்டயர்மென்ட் பணத்தில் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. தை பிறந்தால் அது என் பொறுப்பு.

சரி, கத்தி முடித்திருப்பாய். மேலே படி.

அந்த இடம் உனக்கு மறந்திருக்காது. காலேஜ் நாளில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, அந்த அடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்து விடிய விடிய உட்கார்ந்திருந்தோமே, நீ, நான், பம்பரம், ஒட்டடைக்குச்சி. அன்றைக்குப் பதினொரு பன் தின்றது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நான் இல்லை என்பதை மறுபடியும் எழுத்து மூலமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலாளி ஆடியில் தவறிவிட்டார். மகன் பெங்களூரில் இருக்கிறான். அடுப்பை இடித்துவிட்டு டூரிஸ்டுகளுக்கு நாலு ரூம் கட்டப் போவதாகச் சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், மே மாதக் கோடை விழாவின்போது ஒரு ரூமுக்கு என்ன வாடகை என்று உனக்கே தெரியும். ஆனால் மாஸ்டர் அங்கே முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். "ஊருக்குப் போறேன் சார், பாலக்காட்டுல இனி எனக்கு யாரு இருக்கா" என்று கல்லாப் பக்கத்தில் நின்று சொன்னார். அன்று ராத்திரி வீட்டுக்குப் போகாமல் அவரோடு பேக்கரியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மாவு பிசைந்தார். மைதா, தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஈஸ்ட். பிசைந்ததை ஈரத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு அடுப்புக்குப் போனார். எஸ்டேட்டில் கழித்த சில்வர் ஓக் கிளை, காப்பிக் கட்டை எல்லாவற்றையும் அடுப்புக்குள்ளேயே போட்டு எரிக்கிறார். செங்கல் கூரை முதலில் கரி பிடித்துக் கறுப்பாகிறது, அப்புறம் சூடு ஏற ஏற அந்தக் கரியும் எரிந்து செங்கல் வெளுக்கிறது. வெளுத்ததும் தணல் கங்குகளை வெளியே இழுத்துப்போட்டு, ஈரச் சாக்கைக் கழியில் சுற்றித் தரையைத் துடைக்கிறார். ஒரு பிடி மாவை உள்ளே எறிகிறார். உடனே கருகினால் பொறுக்க வேண்டும், மெல்லச் சிவந்தால் தட்டை உள்ளே தள்ளலாம். வேறு தெர்மாமீட்டர் கிடையாது. வெந்த ரொட்டியை அச்சிலிருந்து கவிழ்த்து அடியில் விரலால் சுண்டினார். காலிப் பானையைத் தட்டினது மாதிரி சத்தம் வந்தது. என்னைச் சுண்டச் சொன்னார். மாப்ளே, அறுபது வயசில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மார்கழிக் குளிரில் மாவு எழும்ப சேலத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. அவசரப்படுத்தினால் என்ன என்று கேட்டேன். "ஈஸ்டைக் கூட்டலாம் சார், உப்பிரும். ஆனா ருசி வர்றதுக்கு நேரம் வேணும், அதுக்குப் பொடி இல்லை" என்றார். அந்த ஒரு பேச்சுதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு மாதமாக இதையே தேடித் தேடிப் படிக்கிறேன். 1961இல் இங்கிலாந்தில் சோர்லிவுட் என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் புது முறை ஒன்றைக் கண்டுபிடித்தது. மாவை அசுர வேகத்தில் ஐந்து நிமிடத்துக்குள் சுழற்றி எடுத்து, கூடுதல் ஈஸ்டும் கொழுப்பும் வைட்டமின் சியும் சேர்த்தால், மணிக்கணக்கில் புளிக்க வைக்க வேண்டாம். மூன்றரை மணி நேரத்துக்குள் மாவு ரொட்டியாகி, துண்டாகி, பாக்கெட்டுக்குள் போய்விடும். அதுவரை வெளிநாட்டுக் கடினக் கோதுமையை நம்பியிருந்தவர்கள் தங்கள் ஊர்க் கோதுமையிலேயே ரொட்டி போட முடிந்தது. அதைத் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மலிவாக, மெத்தென்று, எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் ரொட்டியிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது நேரம். நேரத்தை எடுத்த இடத்தில் ஒவ்வொரு பொடியாக வந்து உட்கார்ந்தது. நம் நாட்டில் பொட்டாசியம் புரோமேட் போட்டுக்கொண்டிருந்தார்களே, 2016இல் டெல்லியில் ஓர் ஆய்வு அதை வெளியே கொண்டுவந்து, அந்த வருஷமே தடை செய்தார்கள். அதுவும் மாவைச் சீக்கிரம் திடமாக்கத்தான்.

இதைப் படித்துவிட்டு அந்த வாட்ஸப் செய்தியை மறுபடி அனுப்பாதே. சேலத்தில் பிறந்து வளர்ந்த நீ, மைதா மரவள்ளிக்கிழங்கில் செய்வது என்று எனக்கு அனுப்பலாமா? நம்மைச் சுற்றி எத்தனை ஜவ்வரிசி ஆலை இருக்கிறது! கிழங்கு மாவைப் பிசைந்து இழுத்துப் பார், இழுபடாது. காற்றைப் பிடித்து வைக்கிற பசை கோதுமையில்தான் உண்டு. தவிட்டையும் முளையையும் நீக்கின கோதுமைதான் மைதா. நார்ச்சத்து போய்விட்டது என்று திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

அம்மாவின் கடைசி நாட்களை உனக்குச் சொன்னதில்லை. பதினொரு நாள் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சோறு இறங்கவில்லை. பாலில் நனைத்த பிரட் மட்டும்தான். நம் வீடுகளில் பிரட் என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடுதானே, யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் பிரட்டும் நாலு ஆரஞ்சும். நான் எதிர்க் கடையில் வாங்கினேன். தேதி இன்னும் இரண்டு நாள் இருந்தது. மூன்று துண்டு ஊட்டின பிறகு நாலாவதைத் திருப்பினேன், ஓரத்தில் பச்சைப் பூஞ்சை. முந்தின துண்டுகளை நான் திருப்பிப் பார்க்கவில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நோய் வேறு. ஆனால் கடைசியாகக் கொடுத்தது அது என்கிற நினைப்பு இத்தனை வருஷமாக என்னோடு இருக்கிறது. மாஸ்டர் ரொட்டியைச் சுண்டச் சொன்னபோது அதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது காப்பிப் பழம் பறிக்கிற காலம். காலை ஆறரைக்கு எஸ்டேட் பெண்கள் ஜீப்புக்காகக் காத்திருக்கும்போது கையில் ஒரு டீ, ஒரு பன். மத்தியானம் வரைக்கும் அதுதான். இவர்களுடைய பாட்டிமார் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்று மலை ஏறினவர்கள். பன் அந்த இடத்துக்கு வந்துவிட்டது, திரும்பிப் போகாது. வந்த பன்னாவது நல்ல பன்னாக இருக்க வேண்டாமா? பெரிய ஊர்களில் இருபது மணி நேரம் புளிக்க வைத்த ரொட்டியை இருநூறு, முந்நூறு கொடுத்து வாங்குகிறார்கள். நேரம் போட்டுச் செய்தது பணக்காரருக்கு, பொடி போட்டுச் செய்தது கூலிக்காரருக்கு என்றால் எனக்கு ஆறவில்லை. மாஸ்டரின் பன் பத்து ரூபாய்தான்.

ரொட்டி விலையில் அரசாங்கங்களே ஆடியிருக்கின்றன. 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் வரை நடந்து ராஜாவையே இழுத்துக்கொண்டு வந்தார்கள். எகிப்தில் ரொட்டியை 'ஐஷ்' என்பார்களாம், அந்தச் சொல்லுக்கு உயிர் வாழ்தல் என்று பொருள். 1977 ஜனவரியில் மானியத்தைக் குறைத்தார்கள், தெருவெல்லாம் கலவரம், உடனே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஐந்து பியாஸ்டர் காசாகவே இருந்த மானிய ரொட்டியை 2024 ஜூனில்தான் இருபதாக்கினார்கள். ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை ஜெர்மன் படை முற்றுகையிட்டபோது, 1941 கடைசியில், வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம், அதிலும் மாவு அல்லாதது கலந்தது. பேக்கரித் தராசில் 125 கிராம் நிறுத்துப் பார்த்தேன். நாலரைத் துண்டு. அதைத் தட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் தங்கச்சி என்ன என்று கேட்டாள், சொன்னேன். அன்றைக்குத்தான் அவள் கோபம் கொஞ்சம் இறங்கியது.

நம் கதையும் லேசானது இல்லை. 1965இல் பிரதமர் சாஸ்திரி வாரத்துக்கு ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னார், அமெரிக்கக் கப்பலில் கோதுமை வந்தது. நம் பொள்ளாச்சி சி. சுப்பிரமணியம் உணவு மந்திரியாக இருந்து மெக்சிகோ கோதுமை விதையை 18,000 டன் இறக்கினார். அதே 1965இல்தான் அரசாங்கமே மாடர்ன் பேக்கரீஸ் தொடங்கியது. பள்ளிக்கூட வாசலில் அந்தப் பிரட்டுக்கு நாம் அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? 2000இல் அதை ஹிந்துஸ்தான் லீவருக்கு விற்றுவிட்டார்கள்.

வரித்துறையில் இருந்தவனே, இது உன் பங்கு. பிரட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, ரஸ்க்குக்கு உண்டு. 2024 செப்டம்பரில் கோவை ஓட்டல்காரர் நிதியமைச்சரிடம் கேட்டாரே, பன்னுக்கு வரி இல்லை, க்ரீம் வைத்தால் 18 சதவீதம், கஸ்டமர் க்ரீமைத் தனியாகக் கொடு நானே தடவிக்கொள்கிறேன் என்கிறார் என்று. 2025 செப்டம்பர் 22 முதல் கேக் வகைகளுக்கு 5 ஆகிவிட்டது. பில் எப்படிப் போடுவது, கணக்கு எப்படி எழுதுவது என்று நீதான் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இங்கே இரு, என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பிரட் கொண்டுவருகிற லைன் வண்டி தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஆறு மணிக்கு வந்துவிடுகிறது. விற்காததை ரிட்டன் எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை. மாஸ்டர் ரொட்டி இரண்டு நாள்தான் தாங்கும், ரிட்டன் எடுத்தால் என் கை சுடும். தினமும் முப்பது கிலோ மாவு போட்டால் வாடகை, விறகு, இரண்டு ஆள் கூலி போக மாதம் ஏழெட்டாயிரம் நிற்கும் என்று கணக்கு வருகிறது, அதுவும் மழை மாதங்களில் நிற்காது. ஒரு வருஷம் பார்ப்பது என்று மாஸ்டரும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் ஊருக்குப் போகவில்லை. அவருடைய தாத்தா காலத்தில் கள்ளை ஊற்றித்தான் மாவைப் புளிக்க வைப்பார்களாம். 1937லேயே நாட்டுக்கு முதலாக மதுவிலக்கு வந்த ஜில்லா எங்கள் சேலம், இங்கே அது நடக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சால்ட் பிரட் வைத்து பஸ் பார்சலில் போடுகிறேன். நேற்று ராத்திரி நான் பிசைந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். உனக்குச் சுகர் இருப்பதால் இரண்டு துண்டுக்கு மேல் கிடையாது, தங்கச்சியிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். பிரிட்ஜில் வைக்காதே, அந்தக் குளிரில்தான் ரொட்டி சீக்கிரம் வறண்டு போகும். துணியில் சுற்றி வெளியே வை. அடியில் சுண்டிப் பார்த்துவிட்டு, சத்தம் எப்படி இருந்தது என்று எழுது.

உன்,
ராஜு