எது விழுந்தது என்று மட்டும் எழுதாதீர்கள், எது நின்றது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், நம் டெல்டா கிராமங்களில் அந்தக் காலத்தில் அடித்த சுழல்காற்றுகளை (ஆங்கிலத்தில் டொர்னாடோ என்பார்கள்) பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த விஷயத்தை யாராவது எழுதமாட்டார்களா என்று பல வருடமாகக் காத்திருந்தவன் நான். அதனால் முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. பெரியவர்கள் சொன்ன கதைகளை வைத்து, அந்தக் காற்று அமெரிக்க அளவுகோலில் எஃப்5, அதாவது உச்சமான ஐந்தாம் படி அளவுக்கு இருந்திருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணை எடுத்துவிட்டால் கட்டுரை இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக.

எஃப் அளவுகோலை 1971-இல் வகுத்தவர் ஃபுஜிட்டா, ஜப்பானில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அணுகுண்டு விழுந்தபின் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய், மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன, எது எரிந்தது, எது எரியவில்லை என்று பார்த்துப் பார்த்து, குண்டு எந்த உயரத்தில் வெடித்தது என்று கணக்குப் போட்டவர். அந்தக் கண்ணோடுதான் பிறகு சுழல்காற்றின் தடத்தையும் பார்த்தார். அவருடைய அளவுகோல் காற்றை நேரடியாக அளப்பதில்லை. காற்று போனபின் கிடக்கும் சேதத்தைப் பார்த்து, இவ்வளவு வேகம் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கிறது. 2007 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கும் திருத்திய அளவுகோலும் அப்படித்தான். அதில் வீடு, பள்ளிக்கூடம், மின்கோபுரம், மரம் என்று 28 வகை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் எந்த அளவு சேதமானால் குறைந்தபட்சம் எவ்வளவு வேகம், அதிகபட்சம் எவ்வளவு என்று. அதில் மணிக்கு 322 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் ஐந்தாம் படி.

அந்த 28-இல் கீற்றுக் கொட்டகை இல்லை. நாட்டு ஓடு வேய்ந்த மண்சுவர் வீடு இல்லை. தென்னை இல்லை, தார் போட்ட வாழை இல்லை. மரம் என்றால் அவர்கள் ஊர் மரங்கள்தான். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, மூன்று நாள் மழையில் மண் இளகிவிட்டால் சாதாரணக் காற்றுக்கே வேரோடு சாயும். அதே தென்னை நடுவில் முறிந்து கிடந்தால் கதை வேறு. "நூறு தென்னை விழுந்தது" என்று பெரியவர் சொன்னால், வேரோடு சாய்ந்ததா, முறிந்ததா, அதற்கு முன்னால் மழை பெய்திருந்ததா என்று கேட்காமல் வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

இதை நான் என் குடும்பத்துக் கதையிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அப்பாயி பிறந்த ஊர் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே. என் அப்பா இளவட்டமாக இருந்தபோது அங்கே ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் சுழல்காற்று அடித்து, கீழத்தெருவையே துடைத்துக்கொண்டு போய்விட்டது என்றும், ஒரு காளை மாட்டைத் தூக்கிக் குளத்தில் போட்டது என்றும் சிறுவயதில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த ஊருக்குப் போய், அதைக் கண்ணால் பார்த்தவர்கள் என்று மிச்சமிருந்த மூன்று பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து கேட்டேன். ஒருவர் காளை பறந்ததைப் பார்த்தேன் என்றே சொன்னார். இன்னொருவர், எனக்குத் தூரத்துச் சித்தப்பா முறை, "பறக்கல தம்பி, கொட்டாய் கூரைதான் பறந்துச்சு, மாடு மிரண்டு கயித்த அத்துக்கிட்டு ஓடிக் குளத்துல எறங்கிருச்சு" என்றார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இருட்டிய நேரம், கண்ணில் மண், காதடைக்கும் சத்தம், அப்புறம் அறுபது வருடம். நான் நம்புவது சித்தப்பா சொன்னதைத்தான், ஏனென்றால் அவர் கயிற்றை நினைவு வைத்திருந்தார்.

மூன்றாவது ஆள் ஒரு ஆயா. அவர் சொன்னதுதான் எனக்குப் பொக்கிஷம், ஆனால் அவர் அதைக் காற்றைப் பற்றிய செய்தியாகச் சொல்லவே இல்லை, சாமியின் மகிமையாகச் சொன்னார். காற்று போன வழியிலேயேதான் ஐயனார் கோவில், அங்கே செங்கல் வைத்துச் சுதை பூசிய குதிரை, அதன் காது கூட உடையவில்லை, பக்கத்து இலுப்பை மரத்தில் ஒரு கிளை மட்டும் போனது என்றார். மேலத்தெருவில் அவர் வீட்டுக் கொடியில் காயப்போட்ட வேட்டி அப்படியே கிடந்ததாம். ஐயனார் காப்பாற்றினார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு விவரமும் எனக்கு வேறொன்றையும் சொல்லிவிட்டன. கீழத்தெருவில் ஓடு பறந்தபோது மேலத்தெருவில் வேட்டி அசையவில்லை என்றால் அது அகலம் குறைந்த தடம், புயலோ பொதுவான கோடை இடிக்காற்றோ இல்லாமல் சுழல்காற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இலுப்பை நின்றது என்றால் அந்த இடத்தில் வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது, ஐந்தாம் படிக்குப் பக்கத்தில் போயிருக்க முடியாது. விழுந்த ஓடு "இதற்குக் குறையாது" என்று சொல்கிறது, நின்ற மரம் "இதற்கு மேல் இல்லை" என்று சொல்கிறது. இரண்டும் கிடைத்தால்தான் ஒரு காற்றை எடை போட முடியும், இல்லாவிட்டால் தராசில் ஒரு தட்டு மட்டும்தான். நம் ஆட்கள் அறுபது வருடமாக விழுந்ததை மட்டுமே சொல்லிவந்தார்கள். உங்கள் செய்தித்தாளும் அதைத்தான் செய்கிறது.

இன்னொரு சிக்கல், அது நடந்தது உளுந்து எடுத்து முடித்த நேரம். வயல் வெறுமனே கிடந்தது. ஊருக்கு முன்னும் பின்னும் அந்தக் காற்று எவ்வளவு பலமாக இருந்திருந்தாலும் காய்ந்த களிமண் அதைச் சொல்லாது. இதே காற்று ஐப்பசியிலோ கார்த்திகையிலோ அடித்திருந்தால் சம்பாப் பயிர் படுத்திருக்கும் விதத்திலேயே தடம் தெரிந்திருக்கும், பயிர்ச் சேதம் என்று கணக்குப்பிள்ளை அடங்கலிலாவது ஒரு குறிப்பு எழுதியிருப்பார். அமெரிக்காவிலேயே இப்படி நடந்திருக்கிறது. 2013 மே 31-இல் ஓக்லஹோமாவில் எல் ரெனோ ஊர்ப் பக்கம் வந்த சுழல்காற்றின் அகலம் நான்கு கிலோமீட்டருக்கும் மேல், நடமாடும் ரேடார் மணிக்கு 480 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தைப் பிடித்தது, ஆனால் அது பெரும்பாலும் திறந்த வயலில் போனதால் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது மூன்றாம் படிதான். இவ்வளவு கருவி இருந்தும் சேதத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். அப்படியிருக்க, நம் ஊரின் அறுபது வருடத்துக் கதைக்கு நாம் ஐந்தாம் படி கொடுப்பது எப்படிச் சரியாகும்?

அதிசயங்களை வைத்து வேகம் சொல்வதும் பழைய பழக்கம்தான். 1842-இல் ஓஹியோவில் எலியாஸ் லூமிஸ் என்ற பேராசிரியர், சுழல்காற்றில் கோழியின் இறகெல்லாம் பிய்ந்துபோனதாகக் கேள்விப்பட்டு, எந்த வேகத்தில் அப்படி ஆகும் என்று பார்க்கச் செத்த கோழி ஒன்றைப் பீரங்கியில் வைத்துச் சுட்டார். மணிக்கு 341 மைல் என்று கணக்கு வந்தது, இறகோடு சேர்ந்து கோழியும் சிதறிவிட்டது, அதனால் வேகம் அதற்கும் கீழே என்று எழுதினார். 1975-இல் வானெகட் என்ற வளிமண்டல விஞ்ஞானி அதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, பயந்த கோழிக்கு இறகு தானாகவே தளர்ந்துவிடும், எனவே கோழியை வைத்து வேகம் சொல்ல முடியாது என்றார். 1838 ஏப்ரலில் கல்கத்தாவுக்குக் கிழக்கே அடித்த சுழல்காற்றில் 215 பேர் செத்ததாகப் பதிவு இருக்கிறது, அதில் ஒரு மூங்கில் சுவரைத் துளைத்ததாகவும் இருக்கிறது, எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த மூங்கிலைத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்கிறோம். அந்தப் பழமொழியை வைத்து ஆடிக் காற்றின் வேகத்தை யாராவது கணக்குப் போடுவோமா?

செத்தவர் எண்ணிக்கையும் வேகத்தைச் சொல்லாது. உலகத்திலேயே அதிக உயிரைக் குடித்தது 1989 ஏப்ரல் 26-இல் பங்களாதேஷின் சாட்டூரியா பகுதியில் வந்தது, சுமார் 1300 பேர். அங்கே நெருக்கமான ஊர்கள், தகரமும் மண்ணுமான வீடுகள். 1978 மார்ச் 17-இல் டெல்லி பல்கலைக்கழகப் பக்கம் சில நிமிடம் மட்டும் இருந்த ஒன்றில் 28 பேர் போனார்கள். இரண்டில் எது பலமானது என்பதற்கு இந்த எண்கள் விடை சொல்லாது.

அமெரிக்கர்கள் இதில் தவறிய இடத்தையும் நாம் பார்த்துக்கொள்ளலாம். 1970களின் பிற்பகுதியில், 1950 முதல் வந்த சுழல்காற்றுகளுக்கெல்லாம் படி கொடுக்க மாணவர்களை வேலைக்கு வைத்துப் பழைய செய்தித்தாள்களைப் படிக்கச் சொன்னார்கள். நேரில் போய்ப் பார்த்த பிற்காலப் படிகளோடு ஒப்பிட்டால் அந்தப் பழைய படிகள் தூக்கலாக இருக்கின்றன என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நிருபர் எழுதுவது ஊரிலேயே மோசமாகப் போன வீட்டைப் பற்றித்தானே. 1925 மார்ச் 18-இல் மூன்று மாநிலங்களில் 695 பேரைக் கொன்ற சுழல்காற்று 219 மைல் ஒரே தடமாகப் போனதா, அல்லது ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியதா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அத்தனை செய்தித்தாளும் புகைப்படமும் இருந்த ஊரில் இந்த நிலை.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, தயவுசெய்து "சூறாவளி" என்ற ஒரே வார்த்தையை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். வங்கக்கடலில் இருந்து வரும் புயலும் சூறாவளி, சித்திரையில் இடியோடு வரும் கீழிறங்கு காற்றும் சூறாவளி, வயலில் தும்பிக்கை மாதிரி இறங்கும் சுழலும் சூறாவளி என்று எழுதிவைத்தால், ஐம்பது வருடம் கழித்து உங்கள் பழைய தாள்களைப் புரட்டுகிறவன் என்ன செய்வான்? நானே நூலகத்தில் அப்படி உட்கார்ந்து மூன்று மாதம் தேடிச் சலித்துப்போனேன், "பலத்த சூறைக்காற்று, மரங்கள் சாய்ந்தன, மின்தடை" என்ற அதே மூன்று சொற்றொடர், ஊர் பெயரும் தேதியும் மட்டும் மாறும்.

இரண்டாவது, உங்கள் நிருபர்கள் சேதம் பார்க்கப் போகும்போது மரம் எந்தத் திசையில் தலை வைத்துக் கிடக்கிறது என்று நாலைந்து மரத்துக்காவது குறிக்கட்டும். மேலிருந்து விழும் காற்றாக இருந்தால் மரங்கள் விசிறி மாதிரி வெளியே விரிந்து கிடக்கும். சுழலாக இருந்தால் குறுகிய தடத்தின் இரண்டு பக்கத்திலும் நடுவை நோக்கி உள்ளே சாய்ந்து கிடக்கும். புயலில் கண் கடந்துபோனால் முதலில் ஒரு பக்கமும் பிறகு எதிர்ப்பக்கமும் விழுந்திருக்கும். 2018-இல் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபின் பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் நான் பார்த்த சில தோப்புகளில், ஒரு தோப்பு முழுசாகப் படுத்திருக்க வேலிக்கு அந்தப் பக்கம் பாதி நின்றது. "இங்க மட்டும் சுழட்டிச்சுங்க" என்று ஒருவர் காட்டினார். கரையேறும் புயலுக்குள்ளேயே சிறு சுழல்கள் பிறப்பது உண்டு, 2004-இல் அமெரிக்காவில் ஐவன் புயல் நூற்றுக்கும் மேல் பிறப்பித்தது. அவர் சொன்னது அதுவா, மண் வித்தியாசமா, மரத்தின் வயது வித்தியாசமா என்று பார்ப்பதற்குள் மரம் அறுக்கும் மெஷின் வந்துவிட்டது. நிவாரணம்தான் முதலில், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அறுப்பதற்கு முன் செல்போனில் நாலு படம் எடுக்க இரண்டு நிமிடம் போதும், அதில் ஒரு படம் நிற்கும் மரத்தையும் நிற்கும் சுவரையும் காட்டட்டும்.

காரைக்காலில் டாப்ளர் ரேடார் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று என் மகன் கேட்டான். தூரம் போகப்போக ரேடாரின் கதிர் தரையிலிருந்து மேலே மேலே போய்விடும், இரண்டு தெரு அகலச் சுழல் தரையில் என்ன செய்தது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல அந்தத் தெருவில் இருக்கிறவர்தான் வேண்டும்.

நீடாமங்கலம், மன்னார்குடி, வலங்கைமான் பக்கத்துப் பெரியவர்கள் யாருக்காவது அந்தச் சித்திரைக் காற்று நினைவிருந்தால் உங்கள் முகவரிக்கு எழுதச் சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். வருடம் தெரியாவிட்டால் பரவாயில்லை, அப்போது வயலில் என்ன இருந்தது, வீட்டில் யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, எந்தக் குழந்தை கையில் இருந்தது என்று சொன்னால் போதும், வருடத்தை நான் பிடித்துக்கொள்வேன். பறந்ததை எழுதட்டும். கூடவே அந்தத் தெருவில் எந்த வீடு, எந்த மரம், எந்தத் திண்ணைத் தூண் அப்படியே இருந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.