ஆறாவதாக வந்தவனுக்கு ஒரு டயர்

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பின குரல் செய்தியை நேற்றே கேட்டேன். உடனே பதில் சொன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு நாள் ஆறப்போட்டேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி.

கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம் கரி டிராக்கில் நடக்கிற கிளப் பைக் பந்தயத்துக்கு உங்கள் பட்டறைக்காரர்கள் பரிசாக 25,000 ரூபாய் போடுகிறார்கள் என்றாய். அதை மொத்தமாக 400 சிசி பிரிவில் ஜெயிக்கிறவன் கையில் கொடுத்தால்தான் பேர் நிற்கும் என்பது உன் பார்ட்னர் கணக்கு. எனக்கு அது ஒப்பவில்லை. பந்தயத்துக்கென்றே 400 சிசி வண்டி வாங்கினவனுக்கு டயர் வாங்கவும் தெம்பு இருக்கும்.

போன மாதம் அக்கா பையன் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 165 சிசி புதியவர் பிரிவில் ஓட்டினான். குட்டி யானையில் வண்டியைக் கட்டி ஏற்றி, ராத்திரி 11 மணிக்குக் கிளம்பி, வேலூர், ராணிப்பேட்டை வழியாக விடியறதுக்குள் டிராக் வாசலில் நின்றோம். ஹெட்லைட், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் ஊரிலேயே கழற்றியாயிற்று. ஆயில் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி கட்டத்தான் மறந்துபோனேன். பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பையன் ஒரு முழம் கம்பி கொடுத்துக் காப்பாற்றினான். (கடைசி வளைவில் இவன் முந்தினது அந்தப் பையனைத்தான். பாவம்.)

ஆறாவதாக வந்தான். வண்டியை நிறுத்தினதும் பின் டயரைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. ஓரமெல்லாம் ரப்பர் சுருண்டு, பிள்ளைகள் நோட்டில் அழித்த துகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டே, "மாமா, இதுல இன்னொரு ரேஸ் ஓட்டிரலாமா?" என்றான். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓசூர் டிவிஎஸ் 1982லேயே ரேஸ் டீம் வைத்தவர்கள். அந்த மாதிரி டீமில் சேர்ந்துவிட்டவனுக்கு வண்டி, மெக்கானிக், டயர் எல்லாம் வந்துவிடும். மிச்சப் பேர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓட்டுகிறவர்கள். இவர்கள்தான் ரெண்டு பந்தயம் ஓட்டிவிட்டுக் காணாமல் போகிறார்கள்.

நம்ம பக்கத்து எருது விடும் விழாவை நினைத்துப் பார். மாடு குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்த்து வரிசை போடுவார்கள். பேனரில் பரிசுப் பட்டியல் கீழே இறங்கிக்கொண்டே போகும். இருபதாவது வந்த மாட்டுக்காரனுக்கும் வேன் வாடகையாவது தேறும். அடுத்த வருஷமும் அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவான்.

அமெரிக்காவில் கிளப் பந்தயங்களுக்கு வண்டிக் கம்பெனியும் டயர் கம்பெனியும் 'கன்டின்ஜென்ஸி' என்று பணம் வைக்கிறார்கள். முன்கூட்டியே பெயர் பதிந்து, அவர்கள் ஸ்டிக்கரை ஒட்டி, அவர்கள் பொருளையே போட்டு ஓட்டி, சொன்ன இடத்துக்குள் வந்தால் பணம். சில சமயம் பணத்துக்குப் பதில் கடைக்கணக்கில் வரவு. நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலும் அவர்கள் குறிப்பிட்ட சில மாடலுக்குத்தான் கிடைக்கும். பழைய சின்ன வண்டியோடு மல்லுக்கட்டுகிறவன் பட்டியலிலேயே இருக்க மாட்டான். உங்கள் பட்டறை ஸ்டிக்கரைத் தாராளமாக ஒட்டச் சொல். இந்த வண்டிதான் என்று மட்டும் கட்டுப்பாடு போடாதே.

என் கணக்கு இது. 165 சிசியில் சொந்தக் காசில் ஓட்டுகிறவர்களில் 4 முதல் 8 வரை வருகிற ஐந்து பேருக்கு ஆளுக்கு 4,000, டயருக்கென்று. முதல் மூன்று பேருக்குக் கோப்பை இருக்கிறது, மேடை இருக்கிறது. மீதி 5,000 விழுந்து எழுந்து ஓட்டி முடித்தவனுக்கு. கிளட்ச் லீவர், ஃபுட்ரெஸ்ட் என்று அவன் செலவு அவனுக்குத்தான் தெரியும். ஆறாவது வந்தவனுக்கு எதற்குப் பரிசு என்று உன் பார்ட்னர் கேட்பார். அவன் அடுத்த தடவை வராவிட்டால் முதலாவது வருகிறவன் யாரை ஜெயிப்பான் என்று திருப்பிக் கேள்.

அப்புறம், அன்றைக்கு சாயங்காலமே கையில் கொடுத்துவிடு. நாம் ஓட்டின அந்த மண் டிராக் பந்தயம் ஞாபகம் இருக்கா? மேடையில் கவர் கொடுத்தார்கள், பிரித்தால் உள்ளே 'பின்னர் வழங்கப்படும்' என்று ஒரு துண்டுச் சீட்டு. ஆர்எக்ஸ் 100க்கு கிளட்ச் பிளேட் வாங்கின கடன்காரன்தான் வீட்டுக்கு வந்தான், பரிசு வரவே இல்லை.

தேதி முடிவானதும் சொல், நாங்கள் வருவோம். ஒன்று மட்டும். அக்கா பையன் அந்த ஐந்து பேரில் வந்தால் அவன் பெயரை விட்டுவிட்டு அடுத்தவனுக்குக் கொடு. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அவனிடமும் சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போயிற்று, ஆனால் சரி என்றான். அவன் டயருக்கு நான் ஒரு வழி பார்க்கிறேன்.

செந்தூரா மாம்பழம் ஒரு பெட்டி பார்சல் ஆபீஸில் போட்டிருக்கிறேன். இன்னும் ரெண்டு நாள் வைக்கோலில் வைத்திரு.

உன் பழைய கூட்டாளி