மூடியில் பதிந்த விரல் ரேகை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. பட்டறையைப் பையன் பார்த்துக்கொள்வதும் சந்தோஷம். அதற்காக நீ இழைப்புளியை ஒரேயடியாக இறக்கி வைத்துவிடாதே.

போன வாரம் கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்குப் போனோம். எகிப்துக் கூடத்தில் நின்ற நேரமெல்லாம் உன் நினைப்புதான். நெஸ்பவெர்ஷெஃபித் என்பவருக்குச் செய்த மரச் சவப்பெட்டிகள் அங்கே இருக்கின்றன. காலம் ஏறக்குறைய கி.மு. 1000. கர்னாக் கோயிலில் எழுத்தர்களையும் கைவினைப் பட்டறைகளையும் மேற்பார்த்தவர். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெட்டிகள், அதற்கும் உள்ளே மம்மியின் மேல் வைக்கிற பலகை ஒன்று. மஞ்சள் தரையில் சிவப்பு, பச்சை, நீலம். தெய்வங்களும் எழுத்துகளுமாக, உள்ளங்கை வைக்கக்கூட இடம் விடாமல் வரைந்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில், கர்னாக் கோயில் இருந்த தீப்ஸ் நகரில் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய தனிக் கல்லறைகள் அரிதாகிவிட்டன. வெறும் அறைகளில் பலரைச் சேர்த்து வைத்தார்கள். சுவருக்குப் போயிருக்க வேண்டிய படமெல்லாம் பெட்டிக்கு வந்துவிட்டது.

சரி, நீ கேட்கப்போவது மரத்தைப் பற்றித்தானே? எகிப்தில் நல்ல நீளமான பலகைக்குப் பஞ்சம். உள்ளூரில் பெரும்பாலும் அத்தி இனத்து மரமும் வேல மரமும்தான். தேவதாரு வேண்டுமென்றால் லெபனானிலிருந்து வர வேண்டும். இவருடைய உள்பெட்டியை ஸ்கேன் செய்து பார்த்தபோது, துண்டு துண்டாகச் சேர்த்துச் செய்தது தெரிந்தது. அதில் சில துண்டுகள் வேறொரு பழைய சவப்பெட்டியிலிருந்து எடுத்தவை! மர முளை அடித்து இணைத்து, சந்துகளைப் பசைக்கலவையால் அடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு கொடுத்து, அதன் மேல் வண்ணம். நீ மக்கு வைத்துத் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடிப்பாயே, அதே வரிசை. பட்டறைகளுக்கே பொறுப்பாக இருந்தவருக்கும் பழைய மரம்தான் கிடைத்திருக்கிறது. அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பழைய பெட்டியில் படுத்திருந்தவர் என்ன ஆனார் என்ற கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அந்த நீலம் கண்ணிலேயே நிற்கிறது. மணல், சுண்ணாம்பு, செம்பு மூன்றையும் சேர்த்துச் சூளையில் சுட்டு, அரைத்து எடுப்பார்களாம். கடைசியில் மரப்பிசின் வார்னிஷ்.

உனக்கு எழுத உட்கார்ந்ததே இனிச் சொல்லப்போகும் விஷயத்துக்காகத்தான். வார்னிஷ் காய்வதற்குள் யாரோ உள்பெட்டியின் மூடியைத் தூக்கி நகர்த்தியிருக்கிறார்கள். விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. 3,000 வருடம் கழித்து, 2005-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். பெட்டிக்குச் சொந்தக்காரரின் பெயர் எழுத்தில் இருக்கிறது, பதவிகள் இருக்கின்றன. தூக்கிய ஆளின் பெயர் எங்கும் இல்லை, விரல் மட்டும் இருக்கிறது. கண் கலங்கிவிட்டது சேகர். மகள் என்னப்பா என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

நீ எங்கள் வீட்டுக்குச் செய்து கொடுத்த ஊஞ்சல் பலகையை வார்னிஷ் காய்வதற்குள் நான் தொட்டுவிட்டேனே, நினைவிருக்கிறதா? மறுபடி தேய்க்கிறேன் என்று நீ சொன்னாய், நான்தான் அவசரப்பட்டு எடுத்துவந்துவிட்டேன். சாவி உன்னிடம்தானே இருக்கிறது. இடது ஓரத்தில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

உன்,
ராமு