எல்லையில் அடிக்கும் முத்திரை வேலை பெர்மிட் ஆகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியர்கள் விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலேசியா, தாய்லாந்து பற்றிச் சொன்னதெல்லாம் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பயன்படும். ஆனால் எங்கள் பக்கத்தில், அறந்தாங்கி, பேராவூரணி, திருவாடானை வட்டாரங்களில், மலேசியாவில் விசா இல்லாமல் தங்கக் கிடைக்கும் 30 நாளை நம்பித் திருச்சியில் விமானம் ஏறுகிற பையன்கள் பலர் ஊர் பார்க்கப் போகவில்லை. வேலைக்குப் போகிறார்கள். 30 நாள் முடியப் போகிற நேரத்தில் தாய்லாந்துக்குள் போய்விட்டுத் திரும்பினால் மறுபடி 30 நாள் கிடைக்கும், அதற்குள் பெர்மிட் வந்துவிடும் என்று ஏஜென்ட் சொல்லி அனுப்புகிறார். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் பல வருடம் முறையான பெர்மிட்டில் ஹோட்டல் வேலை பார்த்து ஊர் திரும்பியவன். யார் வீட்டுப் பையன் கிளம்பினாலும் பெற்றவர்கள் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்ஆப் குரல் செய்தியைப் போட்டுக் காட்டுவார்கள். குரல்தான் ஆளுக்கு ஆள் மாறும், சொல்வது ஒன்றுதான். "டூரிஸ்ட்ல போயிரு தம்பி, பார்டர் போயிட்டு வந்தா திரும்ப ஒரு மாசம், முதலாளி பெர்மிட் எடுத்துக் குடுத்துருவாரு."

எல்லைக்குப் போய் முத்திரை வாங்கித் திரும்புவது அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. தாய்லாந்தில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வெகு காலமாகச் செய்துவந்ததுதான். நம்மவர்களுக்கு இரண்டு பக்கமும் விசா வேண்டியிருந்ததால் இந்த வழி திறக்கவில்லை. 2023 நவம்பர் 10 முதல் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசாவை விலக்கியது. அடுத்த மாதமே, டிசம்பர் 1 முதல், மலேசியாவும் விலக்கியது. 2024 ஜூலையில் தாய்லாந்து தங்கும் நாளை 60 ஆக்கியது. மலேசியா இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறது. சுற்றுலாவுக்காகத் திறந்த இரண்டு கதவுகளையும் சேர்த்து வைத்து ஏஜென்ட்டுகள் வேலை விற்கிறார்கள்.

போய்வருவது சுலபம் என்பதும் உண்மைதான். கோலாலம்பூரில் இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் தாய்லாந்தை ஒட்டிய புக்கிட் காயு ஈத்தாம் எல்லை வந்துவிடும். ரயிலில் போனால் எல்லையிலுள்ள பாடாங் பெசார் நிலையத்தில் இரண்டு நாட்டு இமிகிரேஷன் கவுன்டர்களும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. ஒன்றில் வெளியேறும் முத்திரை, நாலடி நடந்தால் அடுத்ததில் நுழையும் முத்திரை. இதைப் பார்த்த பையனுக்குச் சட்டப்படி எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் தோன்றும். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறதே!

அந்த முத்திரை தருவது விருந்தாளியாகத் தங்கும் நாட்களை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் தோசைக்கல் முன்னால் நின்றாலும் பாஸ், அதாவது தங்கும் அனுமதியின், நிபந்தனையை மீறிய குற்றம் அது. தேதி பாக்கி இருந்தாலும் குற்றம்தான். சோதனையில் பிடிபட்டால் 'என் விசா இன்னும் முடியலையே சார்' என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் முதலில் நம்ப மறுக்கிறார்கள்.

அடுத்தது, போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம், தங்குமிடம் எல்லாம் கேட்பார்கள். அவ்வளவும் இருந்தாலும் முடிவு கவுன்டரில் இருக்கும் அதிகாரியுடையது. எங்கள் அடுத்த ஊர்ப் பையன் ஒருவனின் பாஸ்போர்ட்டை நான் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். மலேசியாவை விட்டு வெளியேறிய முத்திரை, பக்கத்திலேயே தாய்லாந்தில் நுழைந்தது, அதே தேதியில் தாய்லாந்திலிருந்து வெளியேறியது, மறுபடி மலேசியாவில் நுழைந்தது. அடுத்த தாளைப் புரட்டினால் மறுபடியும் இதே வரிசை. சுற்றுலா வந்தவன் யாராவது இப்படிப் போய்வருவானா? கடைசித் தடவை அந்த அதிகாரிக்கும் இதே சந்தேகம்தான் வந்திருக்க வேண்டும். "மலேசியாவில் என்ன செய்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். பையன் திணறியிருக்கிறான். உள்ளே விடவில்லை. துணிமணி, ஒரு மாதச் சம்பளப் பாக்கி எல்லாம் மலேசியாவில். ஆள் மட்டும் தாய்லாந்துப் பக்கம் ஹாட்யாய் ஊரில், கையில் ஒரு பையோடு. முதலாளி போனை எடுக்கவில்லை. இங்கே அவன் அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்து அனுப்பினார். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

தாய்லாந்துக் கவுன்டரும் முன்போல இல்லை. தரைவழியாக விசா இல்லாமல் நுழைவதை ஆண்டுக்கு இரண்டு முறை என்று 2016 கடைசியிலேயே அவர்கள் வரம்பு கட்டினார்கள். 2025 மே முதல் நுழைகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த நவம்பரில், தகுந்த காரணம் இல்லாமல் திரும்பத் திரும்ப இப்படிப் போய்வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி அந்நாட்டு இமிகிரேஷன் துறை கெடுபிடியை இறுக்கியது. இரண்டு பக்கமும் மறுத்தால் நடுவில் நிற்பவன் எங்கே போவான்?

ஆனால் எல்லையில் மாட்டுகிறவர்களைவிட எனக்கு அதிகக் கவலை, எல்லைக்குப் போவதையே நிறுத்திவிடுகிறவர்கள் மேல். முதல் தடவை பஸ் காசை முதலாளியே தருவார். அடுத்த தடவை சம்பளத்தில் பிடிப்பார். அப்புறம் கடையில் ஆள் இல்லை, அடுத்த வாரம் போ என்பார். அடுத்த வாரம் வருவதற்குள் தேதி தாண்டிவிடும். தாண்டியபின் எல்லைக்குப் போக பயம். அங்கிருந்து அந்தப் பையன் ஒளிந்து வாழ்கிறவன் ஆகிவிடுகிறான். மலேசியச் சட்டப்படி நாள் கடந்து தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இது அவனுக்குத் தெரிகிறதோ இல்லையோ, முதலாளிக்குத் தெரியும். சம்பளத்தைக் குறைத்தாலும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாலும், அடித்தாலும்கூட இவன் போலீசுக்குப் போக மாட்டான் என்பதும் தெரியும். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலாளிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. முடிதிருத்தும் கடை, நகைப்பட்டறை, துணிக்கடை மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை மலேசியா 2009இல் நிறுத்தியது. 2023 மார்ச்சில், வெளிநாட்டு ஆள் எடுக்க முதலாளிகள் போடும் புதிய ஒதுக்கீட்டு விண்ணப்பங்களையே நிறுத்தி வைத்தார்கள். அங்கே நம் தமிழர்கள் நடத்தும் கடைகளுக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் நிஜமானது. ஆனால் பெர்மிட் கிடைக்காத தொழிலில் 'மூணு மாசத்துல பெர்மிட்' என்று சொல்வது பொய்தானே? பெர்மிட் இல்லாத ஆளை வைத்திருக்கும் முதலாளிக்கும் தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு, ஓராண்டு வரை சிறையும் உண்டு. மாட்டிக்கொள்ளாமல் பணம் எண்ணுகிறவர் ஏஜென்ட் ஒருவர்தான்.

ஏற்கெனவே நாள் கடந்து அங்கே இருக்கிறவர்களின் வீட்டாருக்கு ஒன்று. மலேசிய அரசு அவ்வப்போது பொதுமன்னிப்பு மாதிரி ஒரு திட்டம் அறிவிக்கும். 2024 மார்ச்சில் தொடங்கிய திட்டத்தில் 500 ரிங்கிட் அபராதம் கட்டி, வழக்கு இல்லாமல் ஊர் திரும்ப முடிந்தது. 2025 மே மாதம் மறுபடி திறந்தார்கள். இப்படி அறிவிப்பு வரும்போது "இன்னும் ரெண்டு மாசம் சம்பாதிச்சுட்டு வர்றேன்" என்று பிள்ளை சொன்னால் கேட்காதீர்கள். கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. கொஞ்சம் கடுமையாகத் தெரிந்தாலும் சொல்கிறேன். உங்கள் வரி விளம்பரப் பக்கத்திலேயே 'மலேசியா, உடனடி வேலை, விசா தேவையில்லை' என்று வெறும் செல்போன் எண்ணோடு விளம்பரம் வருகிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கவே கூடாது. பதிவு பெற்றவருக்கு உரிம எண் இருக்கும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். எங்கள் ஊரில் அதைப்போல் பல மடங்கு வாங்குகிறார்கள், ரசீதும் கிடையாது. உரிம எண் இல்லாத வெளிநாட்டு வேலை விளம்பரத்தை இனி வாங்குவதில்லை என்று நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இரண்டின் தொலைபேசி எண்களையும் அந்தப் பக்கத்தின் தலையிலேயே வாராவாரம் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்