கேமல்லாக் அடைப்புக்குறிக்குள் பெருக்கல் வேண்டாம்

லினக்ஸ் கர்னலுக்கு டிரைவர் எழுதும், பிறர் எழுதியதைச் சரிபார்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். லினக்ஸின் மையமான கர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கித் தரும் கேமல்லாக்கை (kmalloc) அழைக்கும்போது, வரிசையில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையையும் ஓர் உறுப்பின் அளவையும் அங்கேயே பெருக்கி எழுதுகிறோம். யாராவது கேட்டால், "எண்ணிக்கை நூறைத் தாண்டாது" என்கிறோம். இந்தப் பதிலைக் கைவிடச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஓர் உறுப்பு 16 பைட் என்று வையுங்கள். எண்ணிக்கை 26,84,35,457. பெருக்கினால் 4,29,49,67,312. ஆனால் 32 பிட்டில் அடங்குவது 4,29,49,67,295 வரைதான். அதற்கு மேல் போனது வழிந்துவிட, மிஞ்சுவது 16. கர்னல் 16 பைட்டை ஒதுக்கிவிட்டு, எல்லாம் சரி என்று முகவரியைக் கையில் கொடுத்துவிடும். அடுத்து வரும் லூப் 26 கோடி உறுப்புகளையும் அங்கே எழுதப் போகும். பக்கத்தில் இருக்கும் யாருடைய தரவு அழிகிறது என்பதைத் தாக்குபவர் தீர்மானிக்கலாம். தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் 2002இல் வந்த பாதுகாப்பு ஓட்டையும் இதே கணக்குதான்: நெட்வொர்க் வழியே வந்த எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் பெருக்கினார்கள்.

"இப்போதெல்லாம் 64 பிட்தானே" என்பீர்கள். இரண்டு யூ32 (32 பிட் முழு எண்) மாறிகளைப் பெருக்கினால் 64 பிட் இயந்திரத்திலும் அந்தப் பெருக்கல் 32 பிட்டில்தான் நடக்கும்.

அப்புறம், நூறைத் தாண்டாது என்ற உத்தரவாதம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வேறொரு கோப்பில், வேறொருவர் வைத்த சோதனையில். மூன்று வருடம் கழித்து ஒருவர் அந்தச் சோதனையை இடம் மாற்றுவார், அல்லது அந்த எண்ணை ஐஆக்டில் (பயனரின் நிரல் டிரைவரோடு பேசும் அழைப்பு) வழியாகப் பயனரிடமிருந்தே வாங்குவார். உங்கள் வரி மட்டும் அப்படியே கிடக்கும்.

மாற்று வழி கையருகே இருக்கிறது: பெருக்கல் வழிகிறதா என்று தாமே பார்த்துக்கொள்ளும் அழைப்புகள். வரிசை என்றால் கேமல்லாக்_அரே, பூஜ்யமாக்க வேண்டுமென்றால் கேகல்லாக். வால் பகுதியில் நீளும் வரிசை கொண்ட ஸ்ட்ரக்ட் (பல தரவுகளின் தொகுப்பு) என்றால், 2018இல் வந்த ஸ்ட்ரக்ட்_சைஸ். கணக்கு வழிந்தால் அது சைஸ்_மேக்ஸை, அதாவது அளவாகக் குறிக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணை, திருப்பித் தரும். அவ்வளவு பெரிய நினைவகத்தை யாராலும் ஒதுக்க முடியாது, ஆகவே நல் (NULL, வெற்று முகவரி) வரும், உங்கள் பிழைப்பாதை வேலை செய்யும். அதே 2018 ஜூனில் கர்னல் உருவாக்குநர் கீஸ் குக், நிரல் வரிகளைத் தானாக மாற்றும் காக்சினெல் கருவியைக் கொண்டு கர்னல் முழுவதும் இப்படிப்பட்ட இடங்களை மாற்றினார். கையால் பெருக்கும் பழக்கம் இன்று கர்னல் ஆவணத்திலேயே கைவிடப்பட்ட முறைகளில் ஒன்று.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, சரிபார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரக்ட்_சைஸ் தந்த விடையோடு கையால் 1 கூட்டினால், சைஸ்_மேக்ஸ் பூஜ்யமாகிவிடும், பாதுகாப்பு மொத்தமும் போச்சு. கூட்டலுக்கு சைஸ்_ஆட் இருக்கிறது. விடையை இன்ட்டில் (குறியுள்ள 32 பிட் முழு எண்) போட்டு வைப்பதும் அதே அளவு ஆபத்து. 2021 ஜூலையில் பாதுகாப்பு நிறுவனமான குவாலிஸ் வெளியிட்ட செக்வோயா ஓட்டையின் வேரே, சைஸ்_டி (அளவுகளுக்கான எண் வகை) மதிப்பொன்று இன்ட்டாக மாறியதுதான். 1 ஜிபியைத் தாண்டும் கோப்புறைப் பாதையை உருவாக்கி, சாதாரணப் பயனர் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆக முடிந்தது. 2014இலிருந்து அது கர்னலில் இருந்தது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். புதுப் பேட்ச்சில் ஒதுக்கீட்டுக்குள் மாறியை வைத்துப் பெருக்கல் கண்டால், எண்ணிக்கை சிறியதா என்று விவாதிக்காமல் திருப்பி அனுப்புங்கள். உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருக்கும், மெயின்லைனுக்கு (அதிகாரபூர்வ கர்னலுக்கு) போகாத டிரைவர்களிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். 2018இல் நடந்த மாற்றம் அங்கே எட்டவில்லை.

அன்புடன்,
டிரைவர் எழுதும் ஒருவன்