விறகு அறுக்க 22 அங்குல மிஷின் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பண்ணைக் கருவிகள் பகுதியில், வீட்டு விறகுக்காக மரம் அறுக்கும் மிஷின் வாங்குவோர் 58 சிசி இன்ஜினும் 22 அங்குல பாரும் (அறுக்கும் செயின் சுற்றி ஓடும் தட்டையான பட்டை) உள்ளதாகப் பார்த்து வாங்கினால் எல்லா வேலைக்கும் ஆகும் என்று எழுதப்பட்டிருந்தது. இதே எண்ணத்தில் ஒருமுறை பணத்தைப் போட்டுவிட்டு, பிறகு சிறிய மிஷினுக்கு மாறியவன் என்பதால் அதை மறுத்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, சாலையை மறித்துக் கிடந்த மரங்களை வெளியூர்க்காரர்கள் பெரிய செயின் சா மிஷின்களால் சில நிமிடங்களில் துண்டுபோட்டதைப் பார்த்த எங்களில் பலருக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. நானும் வாங்கினேன். விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்தியதோடு அதன் உண்மையான வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு மிஞ்சியது வெந்நீர் அடுப்புக்கும் நெல் அவிப்பதற்கும் வேண்டிய கருவை விறகு மட்டுமே. தொடைப் பருமன்கூட இல்லாத கட்டைகளுக்காக ஏறக்குறைய இரண்டடி நீளப் பாரைத் தூக்கிக்கொண்டு குனிந்து நின்றால், அரை மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கடையிலுள்ள மிஷினை அல்ல, தம் கொல்லையில் கிடக்கும் கட்டையை. வழக்கமாக அறுக்கும் கட்டையின் குறுக்களவைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாகப் பார் இருந்தால் போதும். எப்போதாவது வரும் பெரிய கட்டையை இரு பக்கமும் திருப்பிப் போட்டு அறுத்துக்கொள்ளலாம். கருவைக்கும் சவுக்குக்கும் 12 அல்லது 14 அங்குலமும், தென்னையும் சேர்ந்து வருமானால் 16 அங்குலமும் தாராளம். அவற்றை ஓட்ட 30 முதல் 40 சிசி இன்ஜின் போதுமானது. நல்ல கம்பெனியின் சிறிய மிஷின், பெயர் தெரியாத பெரிய மிஷினைவிட விலை கூடுதலாக இருப்பதைப் பார்த்து மலைப்பவர்கள், செயின், பார், ஸ்டார்ட்டர் கயிறு, கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு ஆகிய நான்கும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று இரண்டுக்கும் விசாரித்துப் பார்க்கட்டும்.

அக்கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டது செயினைத் தீட்டுவதைப் பற்றி. என் முதல் மிஷின் வாங்கிய சில வாரங்களில் இழுவை குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இரண்டு முறை கார்புரேட்டரைக் கழுவி வாங்கினேன். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. தரையில் கிடந்த கட்டையை அப்படியே அறுத்ததில் செயின் மண்ணைத் தொட்டு மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். கூர் உள்ள செயின் மரத்தைச் சீவல் சீவலாக வெளியே தள்ளும். மழுங்கிய செயின் மாவு போலத் தூளைக் கொட்டும், புகையும், நம்மை அழுத்தச் சொல்லும். சிறிய மிஷின்களில் பெரும்பாலும் வரும் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரமும், பெரியவற்றில் வரும் பாயின்ட் 325 (கண்ணி இடைவெளியைக் குறிக்கும் அங்குல அளவு) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும் வேண்டும். 30 டிகிரிச் சாய்வில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரத்தைத் தள்ளித் தீட்ட வேண்டும். 22 அங்குலச் செயினில் நாற்பதுக்கும் மேற்பட்ட பற்கள் இருக்கின்றன. 16 அங்குலத்தில் முப்பதுக்கும் குறைவு. வெயிலில் உட்கார்ந்து தீட்டிப் பார்த்தவருக்கே இந்த வித்தியாசம் புரியும். ஒரு எக்ஸ் வடிவத் தாங்கியை வீட்டிலேயே அடித்து, கட்டையை அதன்மேல் வைத்து அறுத்தால் செயின் மண்ணில் படாமல் பாதித் தீட்டும் வேலை மிச்சமாகும்.

பெட்ரோலும் கவனத்துக்குரியது. பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 பங்கு என்று கம்பெனி சொல்லியிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலக்க வேண்டும்; கண்மதிப்பில் ஊற்றுவது இன்ஜினுக்குக் கேடு. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதாலும், எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதாலும், மாதக்கணக்கில் மூலையில் வைக்கப்படும் வீட்டு மிஷினில் டாங்கைக் காலிசெய்து, நின்றுபோகும் வரை ஓடவிட்டு வைப்பதே நல்லது. செயின் ஆயிலுக்குப் பதில் பைக்கிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் எங்கள் ஊரில் பரவலாக இருக்கிறது; அதிலுள்ள உலோகத் துகள் பாரையும் ஆயில் பம்பையும் தேய்த்துவிடும்.

வீட்டு வாசலிலேயே வேலை என்றால் கரன்ட் மிஷினையும் நான் ஒதுக்க மாட்டேன். சத்தம் குறைவு, கார்புரேட்டர் தொல்லை இல்லை. ஆனால் 2000 வாட் மிஷின் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், சாதாரண 5 ஆம்பியர் பிளக்கிலும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலும் அதை ஓட்டக் கூடாது. ஈரத்தில் தொடவே கூடாது. கைக்கு அடக்கமான பேட்டரி மிஷின்கள் முருங்கைக் கிளை கழிக்க உதவுமே தவிர விறகுக்கு ஆகா.

பார் முனையின் மேற்பாதி எதிலாவது பட்டால், மிஷின் கண்ணிமைப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். நீளமான பாரின் முனை நம் பார்வைக்கு அப்பால், விறகுக் குவியலுக்குள் எங்கோ இருக்கும் என்பதே வீட்டு வேலைக்கு அது ஆகாது என்பதற்கு என்னுடைய முதன்மையான காரணம். ஆகவே செயின் பிரேக் உண்மையிலேயே செயினை நிறுத்துகிறதா என்று கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வேட்டியோடும் தோளில் துண்டோடும் அறுப்பவர்களை (அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்) தினமும் பார்க்கிறோம். செயின் காலில் வெட்டாமல் தடுக்கும் கால் கவசத்தை எங்கள் நகரக் கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். மூடிய ஷூ, கண்ணாடி, காது மூடி ஆகியவையாவது மிஷினோடு சேர்த்து வாங்கும் கணக்கில் வர வேண்டும்.

தங்கள் இதழ் அடுத்து இதைப் பற்றி எழுதும்போது, விலைப்பட்டியலுக்கு ஒதுக்கிய அந்த அரைப் பக்கத்தை, செயின் தீட்டும் முறையைப் படங்களோடு விளக்குவதற்குக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.