வரைபடத்திலேயே இடம் வேண்டும்

ஐயா,

நெல்லையில் வண்ணார்பேட்டை, பெருமாள்புரம் பக்கம் புதிது புதிதாக வணிக வளாகங்கள் எழும்புகின்றன. கழிப்பறை வாசலில் மட்டும் ஆண், பெண் என்று இரண்டே பலகைகள். திருநங்கைகளுக்குக் கழிப்பறை வசதி செய்து தர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. நடக்க இயலாத தாயைக் கைத்தாங்கலாக அழைத்து வரும் மகனும் அந்த வாசலில் திகைத்துத்தான் நிற்கிறான்.

ஆண், பெண் என்று பிரிக்காத ஒரு தனிக் கழிப்பறையும் வேண்டும்: தரையிலிருந்து கூரை வரை சுவர், ஒழுங்கான உள்தாழ்ப்பாள், உள்ளேயே கைகழுவும் தொட்டி. இப்படி ஓர் அறை இருந்தால் யாரும் போகலாம். பெண்கள் கழிப்பறையைப் பறித்துக்கொண்டு இதைத் தரச் சொல்லவில்லை, கூடுதலாகவே கேட்கிறேன். புதிய கட்டடங்களுக்கு வரைபட அனுமதி தரும்போதே இதைக் கட்டாயமாக்கி, அறையை நேரில் பார்த்த பிறகே பணி நிறைவுச் சான்று வழங்க வேண்டும்.

வாசகர்,
பாளையங்கோட்டை